பெட்டியைச் சோதித்தோம், பார்வையைச் சோதித்தோமா?

சற்று நீண்ட பதிவு இது. கண்காணிப்புக் கேமராக்களைச் சோதிக்கும் முறைகளையும் அதற்கான கருவிகளையும் பற்றியது. படச்செயலாக்கத் துறையினருக்கு இதில் பாதி தெரிந்த செய்தியாக இருக்கலாம். சட்டமும் சமூகவியலும் பயில்வோருக்கு மறுபாதி தெரிந்திருக்கலாம். இரு பாதிகளையும் ஒருங்கே வைத்துப் பேசுவோர் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

வட இந்தியாவில் நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் வளாகத்தில், சென்ற குளிர்காலத்தில் ஓர் ஆய்வகத்தின் பூட்டு உடைக்கப்பட்டு இரண்டு மடிக்கணினிகள் களவு போயின. கட்டட முகப்பில் இருந்த கேமராவின் பதிவைப் பாதுகாப்பு அலுவலகம் எடுத்துப் பார்த்தது. வெள்ளைச் சட்டை அணிந்த ஓர் உருவம் முற்றத்தைக் கடந்து கட்டடத்திற்குள் நுழைவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. படத்தின் மூலையில் இரவு 11.46 என்று நேரம் பதிவாகியிருந்தது. விடுதி உணவகப் பணியாளர்களுக்கு வெள்ளைச் சீருடை. அன்றிரவு கடைசியாகக் கையெழுத்திட்டு வெளியேறியவர் பீகாரிலிருந்து வந்து ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் ஒருவர். வெளியேறிய நேரம் 11.40. உணவகத்திலிருந்து ஆய்வகத்திற்கு ஐந்து நிமிட நடை. இவ்வளவும் போதுமானதாகக் கருதப்பட்டது. விசாரணை முடியும்வரை அவர் பணிக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஒப்பந்தப் பணியாளருக்கு, வேலை இல்லாத நாளில் ஊதியமும் இல்லை.

நாங்கள் மூன்று பேர், ஒரே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், நிர்வாகத்திடம் அனுமதி பெற்று அந்தக் கேமராவைச் சோதித்தோம். அனுமதி கிடைக்கவே மூன்று வாரங்கள் ஆயின. சோதனைக்குத் தேவைப்பட்டது ஓர் இரவு மட்டுமே. அந்த இரவில் கற்றவையே இப்பதிவின் அடிப்படை.

முதலில் தொலைவு. கேமரா இரண்டு மெகாபிக்சல் வகை. அதாவது படத்தின் குறுக்கே 1920 பிக்சல்கள். லென்சின் குவியத் தூரம் 2.8 மில்லிமீட்டர், பார்வைக் கோணம் ஏறத்தாழ 100 பாகை. உருவம் காணப்பட்ட இடம் கேமராவிலிருந்து 11 மீட்டர். அத்தொலைவில் அக்கேமரா பார்க்கும் பரப்பின் அகலம் ஏறத்தாழ 26 மீட்டர். 1920 பிக்சல்களை 26 மீட்டருக்குப் பங்கிட்டால் ஒரு மீட்டருக்குச் சுமார் 73 பிக்சல்கள் கிடைக்கும். மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். ஆகவே அந்த உருவத்தின் முகத்திற்குக் கிடைத்தவை பன்னிரண்டு பிக்சல்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கள் கண்டுபிடிப்பன்று. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62676 என்னும் தரநிலைத் தொகுதி காணொளிக் கண்காணிப்புக்கென்றே எழுதப்பட்டது. 2014-இல் வெளிவந்த அதன் நான்காம் பகுதி, ஒரு கேமராவிடம் நாம் எதிர்பார்க்கும் வேலைகளைப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டருக்கு இத்தனை பிக்சல்கள் என்று வரையறுத்தது. ஆள் இருப்பதைக் கண்டறிய 25. உடை, நடமாட்டம் முதலியவற்றை ஓரளவு கவனிக்க 62.5. முன்பே அறிந்த ஒருவரை இன்னார் என்று கண்டுகொள்ள 125. அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250. எங்கள் முற்றத்துக் கேமரா 11 மீட்டரில் 'கவனித்தல்' என்ற படியை மட்டுமே எட்டியது. 'அடையாளம் காணுதல்' என்ற படியை அது எட்டும் தொலைவு, லென்சின் வளைவைக் கணக்கில் கொள்ளாத தோராயக் கணக்கின்படி, மூன்று மீட்டரைச் சற்றே கடந்ததுதான். கேமராவோ நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தது. மூன்று மீட்டருக்குள் வருபவரின் உச்சந்தலைதான் அதற்குத் தெரியும். முகம் தெரியும் தொலைவில் பிக்சல்கள் போதவில்லை. பிக்சல்கள் போதுமான தொலைவில் முகம் தெரியவில்லை. அது பொருத்தப்பட்ட நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது. எவரும் கேட்கவில்லை.

இந்த 250 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது மாணவர்கள் அறிய வேண்டிய வரலாறு. பிரிட்டிஷ் உள்துறையின் காவல்துறை அறிவியல் பிரிவு 'ரொட்டாக்கின்' என்றொரு சோதனை உருவத்தைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தது. 1.6 மீட்டர் உயரமுள்ள, மனித வடிவை ஒத்த பலகை அது. கேமராவின் முன் அதை நிறுத்தி, திரையில் அது எவ்வளவு உயரத்தை நிறைக்கிறது என்று பார்ப்பார்கள். திரை உயரத்தின் பத்தில் ஒரு பங்கு என்றால் ஆள் இருப்பதைக் கண்டறியலாம். பாதி என்றால் அறிந்தவரைக் கண்டுகொள்ளலாம். முழுமையும் நிறைந்தால் அடையாளம் காணலாம். அக்காலப் பிஏஎல் திரையில் பயன்படக்கூடிய வரிகள் ஏறத்தாழ 400. 1.6 மீட்டருக்கு 400 வரிகள் என்றால் ஒரு மீட்டருக்கு 250. எண்முறைக் கேமராக்கள் வந்தபின் திரை உயர விழுக்காடு பொருளிழந்தது. அந்த 250 மட்டும் புதிய தரநிலைக்குள் குடியேறியது.

இதில் நான் மதிப்பது அந்தப் பலகையின் எளிமையை. அதைக் கேமராவின் முன் நிறுத்தினாலும் அளவு எடுப்பது கடைசித் திரையில். இடையில் உள்ள லென்ஸ், கம்பிவடம், பதிவுக்கருவி, திரை ஆகிய அனைத்தின் குறையும் ஒரே சோதனையில் வெளிப்பட்டுவிடும். தனித்தனி உறுப்புகளின் தரச்சான்றுகளைக் கூட்டிப் பார்த்து முழுமையின் தரத்தை ஊகிக்கும் பழக்கம் அதில் இல்லை.

இரண்டாவது, வெளிச்சம். விற்பனைத் தாள்களில் '0.001 லக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். முழுநிலவின் ஒளியே தரையில் ஏறத்தாழ 0.1 முதல் 0.3 லக்ஸ் வரைதான். அதனினும் நூறு மடங்கு மங்கிய ஒளியில், விண்மீன் வெளிச்சம் என்று சொல்லத்தக்க இருளில், இந்தக் கேமரா பார்க்கும் என்பது அக்கூற்றின் பொருள். எந்த ஷட்டர் வேகத்தில், எவ்வளவு மின்பெருக்கத்தில், எத்தனை இரைச்சலை ஏற்றுக்கொண்டு என்ற மூன்றையும் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஷட்டரை நொடியின் மூன்றில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால் இருண்ட அறையும் பளிச்சென்று தெரியும், அறையில் எதுவும் அசையாதவரை. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் கடக்கிறார். நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கில் அவர் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். மூன்றில் ஒரு பங்கில் 47 சென்டிமீட்டர். முகத்தின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளத்திற்கு அம்முகம் இழுத்துப் பூசப்பட்டிருக்கும். நிலையான சோதனை அட்டையை மட்டும் வைத்துப் படமெடுத்தால் இந்தக் குறை ஒருபோதும் வெளிப்படாது. சோதனை உருவம் அசைய வேண்டும், சுழல வேண்டும் என்று பழைய பொறியாளர்கள் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

எங்கள் முற்றத்தில் லக்ஸ் மானி 0.4 என்று காட்டியது. அந்த அளவில் கேமரா வண்ணத்தைக் கைவிட்டுத் தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்கிறது. வழக்கின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

850 நானோமீட்டர் அலைநீளத்தில் உலகம் வேறு விதமாகத் தெரியும். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றும் சாயங்களுள் பல, கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டுமே உறிஞ்சுபவை. அகச்சிவப்பை அவை தடுப்பதில்லை. துணியின் இழைகள் அதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆகவே கறுப்புச் சட்டை அகச்சிவப்புப் படத்தில் வெளிர் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தோன்றலாம். அவுரி நீலமும் அப்படித்தான். கரித்தூள் நிறமி சேர்ந்த துணி மட்டும் கறுப்பாகவே நிற்கும். எங்கள் விடுதி அறைகளிலிருந்து எட்டு அடர்நிற ஆடைகளைத் திரட்டி, ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக அணிந்து அதே இடத்தில் நடந்தார். எட்டில் ஐந்து, பதிவில் 'வெள்ளைச் சட்டை' ஆயின. அவற்றுள் ஒன்று எங்கள் நெறியாளரின் கறுப்புக் குளிராடை.

மூன்றாவது, கடிகாரம். கைப்பேசியின் நேரத்தையும் பதிவின் நேரத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பார்த்தோம். கேமரா ஏழு நிமிடங்கள் முந்தியிருந்தது. களவு நடந்த இரவிலும் அதே வேறுபாடு இருந்திருந்தால், அந்த உருவம் முற்றத்தைக் கடந்தது 11.39-க்கு, அதாவது அந்தப் பணியாளர் உணவகத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு. ஆனால் நாங்கள் சோதித்தது மூன்று வாரங்களுக்குப் பின். அன்றிரவு வேறுபாடு எவ்வளவு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. எங்கள் அறிக்கையில் அப்படியே எழுதினோம். எங்கள் சோதனை அவர் குற்றமற்றவர் என்று நிறுவவில்லை. அந்தப் பதிவினால் எவரையும் சுட்ட முடியாது என்பதை மட்டுமே நிறுவியது. ஒரு சோதனையிடம் அதற்கு மேல் கேட்கவும் கூடாது.

இனி, இந்த ஒரு முற்றத்தைவிட்டு நாட்டளவில் பார்ப்போம்.

இந்தியாவில் கண்காணிப்புக் கேமராவுக்குச் சோதனையே இல்லை என்று சொல்ல முடியாது. மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் கட்டாயப் பதிவு ஆணையைத் திருத்தி, கேமராக்களுக்கென்று பாதுகாப்புத் தேவைகளை வகுத்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை நடைமுறைக்கு வந்துள்ளன. அமைச்சகத்தின் கீழுள்ள எஸ்டிக்யூசி முதலிய ஆய்வகங்கள் அவற்றின்படி சோதிக்கின்றன. சுற்றுப்பலகையில் பழுதுபார்ப்புக்கென விடப்பட்ட இணைப்புவாய்கள் அடைக்கப்பட்டுள்ளனவா, ஒவ்வொரு கருவிக்கும் தனி மறைக்குறியீட்டுச் சாவி உண்டா, கையொப்பமிடப்படாத மென்பொருளை ஏற்க மறுக்கிறதா, உறுப்புகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஆவணம் உண்டா என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றி, அவ்வாண்டு அக்டோபரில் ட்வீட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெருந்தளங்களைப் பல மணி நேரம் முடக்கியதில் பங்கு கொண்டது. கேமராவுக்குள் பிறர் நுழைய முடியுமா என்ற கேள்வி நாட்டின் பாதுகாப்பைத் தொடுவது. அது கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

ஆயினும் அது, பிறர் அதனூடே நம்மைப் பார்க்க முடியுமா என்ற கேள்வி. அக்கேமரா தானே எதையாவது பார்க்கிறதா என்ற கேள்வி அதில் அடங்கவில்லை. பெட்டியின் மேல் அச்சாகும் பிற சான்றுகளும் அவ்வாறே. ஐபி66 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீர் புகாது. ஐகே10 என்றால் ஐந்து கிலோ எடை நாற்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், அதாவது 20 ஜூல் ஆற்றலுடன் தாக்கினாலும், கூடு தாங்கும். கூட்டுக்குள் தூசி புகாது என்பதற்குச் சான்று உண்டு. கூட்டின் வெளிக்கண்ணாடியில் படியும் தூசிக்கும், அகச்சிவப்பு ஒளியை நாடி வரும் பூச்சிக்காகச் சிலந்தி அதன்மேல் கட்டும் வலைக்கும் எந்தச் சான்றும் இல்லை. எங்கள் பகுதியின் சனவரி மூடுபனியில் அகச்சிவப்பு ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படமே வெண்திரையாகிவிடுகிறது. ஆய்வகத்தில் தேறிய கருவி கம்பத்தில் ஏறியபின் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறியக் கம்பத்தடிக்குத்தான் போக வேண்டும்.

படத்தின் தரத்தை ஆய்வகத்தில் அளக்க முறைகள் இல்லாமலில்லை. சாய்வான விளிம்பொன்றைப் படமெடுத்துப் பிரிதிறனைக் கணக்கிடும் ஐஎஸ்ஓ 12233 முறை, ஒளி வீச்சை அளக்கும் படிநிலை அட்டை, இருபத்து நான்கு நிறக் கட்டங்கள் கொண்ட வண்ண அட்டை, சீரான ஒளிப்பெட்டி ஆகியவை படச்செயலாக்கம் பயில்வோர் அறிந்தவை. ஐஇசி 62676-இன் ஐந்தாம் பகுதி, கேமரா உற்பத்தியாளர் தம் கருவியின் படத்தரத்தை எவ்வாறு அளந்து, எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பதையே பேசுகிறது. இருந்தும், நான் பார்த்த ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் மெகாபிக்சலும் விலையும் இருக்கும் அளவுக்கு இந்த அளவுகள் இருப்பதில்லை. '120 டெசிபல் ஒளி வீச்சு' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அது பத்து இலட்சத்துக்கு ஒன்று என்ற விகிதம். வாயிலுக்கு வெளியே நண்பகல் வெயிலும் உள்ளே நிழலும் இருக்கையில், நிழலில் நிற்கும் கருநிற முகம் படத்தில் முகமாகத் தெரிகிறதா, வெறும் நிழலுருவாகத் தெரிகிறதா என்று எவரும் நின்று பார்ப்பதில்லை. நம் நாட்டில் பெரும்பாலோரின் தோல் நிறம் மாநிறமும் கறுப்பும் என்பதால், இந்தச் சோதனைக்கு மனிதரே தக்க அட்டை.

நீதிமன்றத்தின் பக்கம் வருவோம். 2020 திசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில்கள், சிறையறைகள், நடைவழிகள் என எவ்விடமும் விடுபடாமல் கேமரா பொருத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அவை இரவிலும் பார்க்க வேண்டும். ஒலியையும் பதிய வேண்டும். பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும். அத்தகைய கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. காவலில் நிகழும் வன்முறைக்கு எதிராக இந்நாட்டில் கிடைத்த வலிய கருவிகளில் ஒன்று அத்தீர்ப்பு.

தீர்ப்பின் சொற்களை அளவுகளாக மாற்றுவது பொறியியல் படித்தவர்களின் கடமை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு மெகாபிக்சல் கேமராவை நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளுக்கு 43 ஜிகாபைட் ஆகும். பதினெட்டு மாதத்திற்கு ஏறத்தாழ 24 டெராபைட். ஒரு நிலையத்தில் பதினாறு கேமராக்கள் என்றால் 380 டெராபைட்டை நெருங்கும். வாங்கியிருக்கும் வன்தட்டு அதில் சிறு பகுதிக்கே போதும் என்றால், பொருத்துபவர் முன் இரண்டு வழிகள் உண்டு: நாட்களைக் குறைக்கலாம், அல்லது தரவு வேகத்தைக் குறைக்கலாம். நாட்களைக் குறைத்தால் தீர்ப்பை மீறியது வெளிப்படையாகத் தெரியும். தரவு வேகத்தைக் குறைத்தால் பதினெட்டு மாதப் பதிவும் இருக்கும். அதில் முகங்கள் இருக்கமாட்டா. அசையாத சுவரும் மேசையும் துல்லியமாகத் தெரியும், அசையும் மனிதர் கட்டம் கட்டமாகச் சிதைந்திருப்பார். தரவுச் சுருக்கம் முதலில் கைவைப்பது அசைவின்மேல்தான். நமக்கு வேண்டியதும் அந்த அசைவுதான். ஆகவே சேமிப்பைச் சோதிப்பதும் படத்தைச் சோதிப்பதும் ஒரே சோதனையின் இரு பக்கங்கள். நேரலைத் திரையைப் பார்த்துத் திருப்தியடைவது சோதனையாகாது. பதிவுக்கருவியிலிருந்து வெளியே எடுத்த கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

இதன் விலை என்ன என்பதற்கு எங்கேயும் தேட வேண்டாம். 2020 சூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் வதைக்கப்பட்டு உயிரிழந்தபின், விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. பதிவுக்கருவியில் ஒரு டெராபைட் வன்தட்டு இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது. தேவைப்பட்ட நாட்களின் பதிவு கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் அந்தக் கருவியின் முன் அமர்ந்து, 'இதில் இருக்கும் மிகப் பழைய பதிவின் தேதி என்ன?' என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்டுத் தாளில் எழுதியிருந்தால், அந்த அமைப்பு அதற்கு முன்பே அம்பலமாகியிருக்கும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. கேட்கும் பொறுப்பு ஒருவரிடம் இருந்திருக்க வேண்டும். அவர் அந்நிலையத்தைச் சாராதவராக இருந்திருக்க வேண்டும்.

சட்ட மாணவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். 2024 சூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு அளிக்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. கோப்பு இடையில் மாற்றப்படவில்லை என்பதற்கு அது நல்ல உறுதி. எங்கள் முற்றத்துப் பதிவுக்கும் குறையற்ற ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டுத் தந்திருக்க முடியும். கடிகாரம் ஏழு நிமிடம் தவறு, சட்டையின் நிறம் தவறு, முகம் பன்னிரண்டு பிக்சல் என்ற மூன்று குறைகளும் கொஞ்சமும் மாறாமல் பாதுகாக்கப்பட்டிருக்கும்.

என் கருத்து இதுதான்: பொருத்தப்பட்ட இடத்தில் சோதிக்கப்படாத கேமராவின் பதிவை, ஒருவரின் வேலையையோ விடுதலையையோ பறிக்கும் முடிவுக்குத் தனி ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் இடத்தில் எடுக்கப்பட்ட சோதனைத் தாள் ஒன்று இருக்க வேண்டும். அதில் ஆறு செய்திகள் போதும். எந்தத் தொலைவுவரை அடையாளம் காணலாம், எந்தத் தொலைவுவரை ஆள் இருப்பதை மட்டும் அறியலாம் என்பது முதலாவது. பகல், எதிர்வெயில், இரவு ஆகிய மூன்று நிலைகளில் நடக்கும் ஒருவரின் முகம் எப்படிப் பதிவாகிறது என்பது இரண்டாவது. அகச்சிவப்பில் ஆடை நிறங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பது மூன்றாவது. கடிகார வேறுபாடு நான்காவது. மிகப் பழைய பதிவின் தேதி ஐந்தாவது. சோதித்தவர் யார், என்று சோதித்தார் என்பது ஆறாவது. ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்தபின்னும் இதைப் புதுப்பிக்க வேண்டும்.

கருவிகள்? 1.6 மீட்டர் உயர ஒட்டுப்பலகை ஒன்று, அளவு நாடா, லக்ஸ் மானி, பளபளப்பற்ற தாளில் அச்சிட்ட சாய்விளிம்பு அட்டை, மெதுவாகச் சுழலும் வட்டில் ஒட்டிய கோட்டு வடிவம், நொடியின் நூறில் ஒரு பங்குவரை காட்டும் ஒளிக் கடிகாரம், பலவகைச் சாயமிட்ட ஆடைகள் சில. அறுபது கேமராக்கள் உள்ள வளாகத்தின் கண்காணிப்புச் செலவோடு ஒப்பிட்டால் இவை பொருட்படுத்தத் தக்க செலவே அல்ல. இளநிலை மாணவர் இருவர் ஒரு மாலையில் நான்கைந்து கேமராக்களை முடித்துவிடலாம். ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, செயற்கை நுண்ணறிவு மங்கிய படத்தைத் தெளிவாக்கிவிடாதா என்பது. பன்னிரண்டு பிக்சல்களிலிருந்து தெளிவான முகமொன்றை வரைந்து தரும் நிரல்கள் உண்டு. அவை வரைவது, பயிற்சியின்போது கண்ட ஆயிரமாயிரம் முகங்களின் சாயலில் நடக்கக்கூடிய ஒரு முகத்தை. முற்றத்தைக் கடந்தவரின் முகம் அந்தப் பன்னிரண்டு பிக்சல்களில் இல்லையென்றால், எந்தக் கணக்கும் அதை அங்கிருந்து மீட்டெடுக்க முடியாது. இல்லாத முகத்திற்குத் தெளிவைத் தருவது, மங்கலை மங்கலாகவே விடுவதினும் ஆபத்தானது.

இரண்டாவது மறுப்பு கனமானது. சமூகவியல் நண்பர்கள் எழுப்புவது. கண்காணிப்பே கேள்விக்குரியது என்னும்போது, அதைச் செம்மைப்படுத்த நாம் ஏன் உழைக்க வேண்டும்? சோதனை, கண்காணிப்புக்கு நியாயம் கற்பிக்காதா? நான் இதை நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். சோதிக்கப்படாத கேமராவுக்கு வரம்பில்லாத அதிகாரம் கிடைத்துவிடுகிறது என்பதே என் விடை. அது எதைப் பார்க்கவில்லை என்று எவருக்கும் தெரியாததால், எல்லாவற்றையும் பார்த்ததாக நம்பப்படுகிறது. சோதனைத் தாள் அந்த நம்பிக்கைக்கு எல்லை போடுகிறது. மேலும் அதே தாள், கேமரா பார்க்கக் கூடாததைப் பார்க்கிறதா என்றும் காட்டிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தபின், தெருவைப் பார்க்க வேண்டிய கேமரா எதிர்வீட்டுச் சாளரத்தை மீட்டருக்கு 250 பிக்சலில் பார்க்கிறதென்றால், அதை அளவோடு எடுத்துக்காட்டி நிறுத்தச் சொல்லலாம். அளவின்றிச் சொல்லப்படும் புகாரை நிர்வாகங்கள் எளிதில் தள்ளிவிடுகின்றன.

எங்கள் அறிக்கையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது, மறுக்கவும் இல்லை. பத்து நாட்கள் கழித்து அந்தப் பணியாளர் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். ஏறத்தாழ ஐந்து வார ஊதியம் அவருக்குக் கிடைக்கவில்லை. எவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. மடிக்கணினிகளும் கிடைக்கவில்லை. திருடியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் சோதித்த இரவில் அவரும் முற்றத்திற்கு வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தார். திரையில் எங்கள் நெறியாளரின் கறுப்புக் குளிராடை வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே" என்றார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

கேமரா அதே இடத்தில், அதே கோணத்தில் இருக்கிறது. கடிகாரத்தை மட்டும் சரிசெய்திருக்கிறார்கள்.

நாங்கள் பயன்படுத்திய சோதனைப் படிவம் ஒரு பக்க அளவுதான். தத்தம் வளாகத்தில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டால் அனுப்புகிறேன். செய்து பார்த்தவர்கள் தங்கள் அளவுகளையும் எழுதுங்கள். எங்கள் கணக்கில் பிழை கண்டால் அதையும் எழுதுங்கள்.